கெடா சிலுப்பாத மதியம்

அந்த மதியம் எங்கள் முனியப்பன் கோயிலில் மேளம் கேட்டது. அடிப்பவர் அங்கே இல்லை. அவர் அந்த நேரம் தம் வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை, முனியப்பனை மட்டும் நம்புகிறவன். இரண்டும் ஒன்றுதான் என்பாள் என் மனைவி. அவள் பொம்மிடிப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் அதிகம்.

முதலில் அந்த மேளக்காரருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரிமங்கலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி, வண்டிகளுக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடமாக நான் அங்கே வயர் கட்டுகிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு எனக்குப் பின்னால் அங்கே வந்து சேர்ந்த அந்த மகள், நான்கு வருடத்துக்கு முன் எங்கள் ஷிப்டுக்கு இன்சார்ஜ் ஆனார். நான் அவரை மேடம் என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை அண்ணா என்பார், வாங்க போங்க என்பார். ஆனால் நான் வயர் கட்டும் போர்டில் ஒரே ஒரு வயர் இடம் மாறியிருந்தாலும் முழுக் கட்டையும் அவிழ்க்க வைத்துவிடுவார். ஊரிலோ அவருடைய அப்பாவை என் பெரியப்பா "டேய்" என்றுதான் கூப்பிடுவார். அந்த அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பெரியப்பாவுக்கு அறுபத்தைந்துதான். எங்கள் தெருவுக்கும் அவர்கள் இருக்கும் காலனிக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. கம்பெனி பஸ் ஓடைக்கு இரண்டு பக்கமும் நின்று எங்களை ஏற்றிக்கொண்டு போகும்.

சேர்ந்த புதிதில் நான் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டு போவேன். கேண்டீனில் ஒரு பெரிய ஃபில்டர், அதன் மேல் நாலைந்து எவர்சில்வர் டம்ளர்கள், எல்லோருக்கும் அதேதான். கேட்டவர்களிடம் எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னேன். ஒருவனுக்கு ஒன்பது மாதம் தொடர்ந்து தொண்டை சரியில்லாமல் போகுமா? யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் வெயிலில் பாட்டில் காலியாகிவிட்டது. டம்ளரை எடுத்துக் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளிலிருந்து பாட்டிலை விட்டுவிட்டேன், ஆனால் அம்மாவிடம் பாட்டில் உடைந்துவிட்டது என்று சொன்னேன்.

ஆயுத பூசையன்று மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டுவது ஷிப்ட் இன்சார்ஜின் வேலை. அதனால் நான்கு வருடமாக மேடம்தான் காட்டுகிறார். தட்டு என்னிடம் வரும்போது நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, பொரியைக் கைநீட்டி வாங்கிக்கொள்வேன். வீட்டில் அம்மா யாருடா பூசை செய்தது என்று கேட்டால், "ஐயர் வந்தாரு" என்பேன். இப்படிக் கம்பெனியில் ஓர் ஆளாகவும் வீட்டில் ஓர் ஆளாகவும் நான் சௌகரியமாகத்தான் இருந்தேன்.

எங்கள் பங்காளிகளின் முனியப்பன் ஊருக்கு வெளியே, மேட்டுக் காட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஆள் உயரம். கூரை கிடையாது, போட்டால் அவருக்குப் பிடிக்காது என்பார்கள். பங்குனிப் பூசைக்கு முந்தின நாள் அவருடைய கண்ணுக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடிப்போம். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்க, கண் மட்டும் நேற்றுத் திறந்ததுபோல் இருக்கும். சின்ன வயதில் நான் குனிந்துகொண்டே அவரைத் தாண்டுவேன். இப்போதும் நேராகப் பார்ப்பதில்லை.

அவருக்கு முன்னால் ஆட்டுக் கெடாவை நிறுத்தி, மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். கெடா உடம்பை ஓர் உதறு உதறிச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. யாரோ ஏதோ குறை வைத்திருக்கிறார்கள், அதைக் கண்டுபிடித்துச் சொல்லிக் கும்பிட வேண்டும். கல்யாணம், கிணறு, நிலம், எதற்கும் எங்களுக்கு இந்த உத்தரவுதான்.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வருடம்தான் கெடா சிலுப்பாமல் நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. ஓடைக்கு அந்தப் பக்கம், காலனியை ஒட்டியிருந்த மேட்டை வளைத்து வேலி போடலாமா என்று பெரியப்பா உத்தரவு கேட்டார். காலையிலிருந்து வெயில் சாயும் வரை தண்ணீர் ஊற்றினோம். கெடா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. கடைசியில் அதை அவிழ்த்து விட்டுவிட்டுப் பட்டினியோடு வீட்டுக்கு வந்தோம். பெரியப்பா அந்த மேட்டைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

கெடா நிற்கும் நேரம் முழுக்க மேளம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது அந்தப் பெரியவருடைய வேலை, அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் வேலை. தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டு அடிப்பார். அவர் கோயிலுக்குள் வரமாட்டார். சுவரும் கூரையும் இல்லாத கோயிலுக்கு உள்ளே எது, வெளியே எது என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். சாமியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு வெள்வேல மரம் நிற்கிறது, அதுதான் எல்லை. வெட்டி முடித்ததும் தோலையும் குடலையும் அந்த மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். அவர் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்வார்.

போன வருடப் பூசையில் அவர் அடித்ததை நான் போனில் பதிவு செய்தேன். பக்தியால் இல்லை, ஸ்டேட்டஸ் வைக்கத்தான். நடுவில் கெடா சிலுப்பிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். நானும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன், நிறுத்த மறந்துவிட்டேன். பார்த்தால் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. அதில் அரை நிமிடத்தை வெட்டி ஸ்டேட்டஸில் போட்டேன். மீதியைக் கேட்டதே இல்லை.

இந்த வருடப் பூசை என் மகளுக்காக. அவளுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. வருவதற்கு முன்னால் அவளுடைய இடது கட்டைவிரல் மெல்ல உள்ளே மடங்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும். அந்த விரலைப் பார்த்துப் பார்த்தே நானும் என் மனைவியும் ஒரு வருடம் தூங்கவில்லை. தர்மபுரியில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் முனியப்பனிடம் அவளுடைய முடியையும் ஒரு கெடாவையும் ஏழு வயதுக்குள் தருவதாக வேண்டிக்கொண்டேன். இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து, பங்குனி முடிந்ததும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். என் மனைவிக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. கெடா சிலுப்பினால்தான் மாத்திரையை நிறுத்துவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

பூசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மேளக்காரர் இனி வரமாட்டார் என்று காலனியிலிருந்து செய்தி வந்தது. அவருக்குப் பதிலாக வேறு யாராவது வருவார்களா என்று பெரியப்பா ஆள் அனுப்பினார். இளசுகள் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியின் ஷிப்டில் இருந்தார்கள். இருந்தவர்களும் எங்களுக்குத் தெரியாதுங்க, பழகலைங்க என்று முடித்துக்கொண்டார்கள். தொப்பூர்ப் பக்கம் ஒரு மேள செட்டைக் கேட்டோம், அன்றைக்கு அவர்களுக்கு வேறு ஊரில் பூசை.

"கம்பெனிக்குப் போயி எல்லாத்துக்கும் திமிர் புடிச்சுப் போச்சு" என்றார் பெரியப்பா.

"நானுந்தான் பெரியப்பா போறேன்."

"நீ போறது வேற" என்றார். என்ன வேறு என்று நானும் கேட்கவில்லை. "உன் மேடந்தானடா அவன் பொண்ணு? நீ கேளு. உன் புள்ளைக்குத்தான செய்யறோம்."

மறுநாள் கேண்டீனில் மேடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஊர் விசயமா ஒன்னு கேக்கணுங்க மேடம்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா வரமாட்டாருங்க அண்ணா."

"ஒரு நாள்தானுங்க. பாப்பா வேண்டுதல்."

"பாப்பா நல்லா இருக்கணுங்க. நானும் வேண்டிக்கறேன். ஆனா அவரு வரமாட்டாரு."

"ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்காரு. லீவு எடுத்திருக்காரு. நாப்பது வருசமா லீவே இல்லாத வேலைங்க. மொத்தமா எடுத்துக்கப்பான்னு நாந்தான் சொன்னேன்."

"அது சாமி வேலைங்க. நாம சொல்லி நிறுத்தறதுங்களா?"

இப்போது அவர் நிமிர்ந்தார். "இங்க ஒருத்தரு வேலைய வுட்டு நிக்கறேன்னு எழுதிக் குடுத்தா, ஏன்னு கேக்கலாம். நிக்கக் கூடாதுன்னு சொல்ல முடியாதுங்க. சாமி இந்தக் கம்பெனியவுடப் பெரிய முதலாளின்னா, இதவுட நல்லபடியா நடந்துக்கணுமில்லீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சொன்னது தப்பு என்பதால் இல்லை, அதை என் எதிரில் உட்கார்ந்து, மோர்ச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார் என்பதால். ஒன்பது வருடம் வயர் கட்டியும் எனக்குள் அது அப்படியே இருந்திருக்கிறது. அன்று முழுக்க ஒரு கட்டுக்கூட ஒழுங்காக வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது. பெரியப்பாவிடம் போனைக் கொடுத்து, "மேளந்தான வேணும்? எங்கிட்ட இருக்குது" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அவனேதான்" என்றார். எனக்குப் பெருமையாகிவிட்டது. "சாமிக்குச் சத்தம் போதும் பெரியப்பா. ஆளு எதுக்கு?" என்றேன். நான் செய்த தப்பு இதுதான். பங்காளிகள் அத்தனை பேரும் நல்ல யோசனை என்று என் முதுகைத் தட்டினார்கள்.

மச்சானிடமிருந்து பிறந்த நாள் விழாவுக்கு வாடகைக்கு விடும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் மாறி மாறி எரியும், அணைக்க முடியாது. பெரியப்பா பெட்டியைக் கையில் வாங்கி, ஒரு நொடியும் யோசிக்காமல், வெள்வேல மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். சாமிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் இல்லாவிட்டாலும் அவருடைய சத்தம் அங்கேதான் நிற்க வேண்டும்.

என் மகளுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தோம். கெடாவைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, பெரியப்பா மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். நான் போனைத் தட்டினேன்.

பெட்டியிலிருந்து முதலில் காற்று வந்தது. போன வருடத்துக் காற்று. அன்றைக்கு நல்ல காற்று அடித்திருக்கிறது, இன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. எங்களைச் சுற்றி எல்லாம் அப்படியே நிற்க, அந்தப் பெட்டிக்குள் மட்டும் மரம் ஆடியது. பிறகு மேளம் தொடங்கியது. அதற்கு நடுவில் ஒரு நாய் குரைத்தது.

"அப்பா, நம்ம நாயி!" என்று என் மகள் சுற்றிப் பார்த்தாள். ஐப்பசி மழையில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போன நாய் அது. அதைப் புதைத்தது நான்தான். இரண்டு தடவை குரைத்தது.

கெடா பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றது. மேளம் ஏறியது. சட்டென்று பெட்டிக்குள் பத்துப் பேர் ஒரே சமயத்தில் "சிலுப்பிருச்சு! சிலுப்பிருச்சு!" என்று கத்தினார்கள். அது எங்கள் குரல். எங்கள் முன்னால் கெடா அசையாமல் நின்றது. நான் பதறிப்போய் நிறுத்தினேன்.

மறுபடியும் தண்ணீர் ஊற்றினோம். மறுபடியும் முதலிலிருந்து போட்டேன், அந்தக் கத்தல் வருவதற்கு முன்னால் நிறுத்தினேன். அடுத்தும் அப்படியே. மூன்று தடவை. கெடாவின் தாடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது சாமியைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்க்கவில்லை. மரத்தடியில் பெட்டிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மனிதனுடைய முகம் இருக்க வேண்டிய உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அங்கே பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெயில்தான் இருந்தது.

"கொறை இருக்குது. அவங்கவங்க சொல்லிக் கும்பிடுங்க" என்றார் பெரியப்பா.

ஒருவர் போன மாதம் விளக்குப் போட மறந்ததைச் சொன்னார். இன்னொருவர் காலில் செருப்போடு இந்தப் பக்கம் வந்துவிட்டதைச் சொன்னார். பெரியப்பா என் மனைவியைப் பார்த்து, "சுத்தபத்தமாத்தான வந்திருக்க?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்ல எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை. வேண்டுதல்காரன் நான்தானே, என்னிடம் என்ன குறை இருக்கப்போகிறது?

நான்காவது தடவை போட்டுவிட்டுத் திரும்பினேன். என் மகள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இமை கொட்டவில்லை. கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரல் மெல்ல உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது.

அவளிடம் ஓடினேன். அவளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். போனைச் சுத்தமாக மறந்துவிட்டேன். பெட்டிக்குள் எங்கள் கத்தல் வந்தது, ஓடும் காலடிகள் வந்தன, வெட்டு விழும் சத்தம் வந்தது. அப்புறம் சட்டைப் பைக்குள் உரசும் சத்தம், யாரோ நடக்கும் சத்தம். நான் நடக்கும் சத்தம். பிறகு அந்தப் பெரியவருடைய குரல், தெளிவாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"சாமி, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு."

என் குரல் சொன்னது: "கிட்ட வராத. அங்கயே உக்காரு. கைய நீட்டு."

பெரியப்பாவின் குரல்: "பாத்துடா, மேல தெறிச்சிறப் போவுது." யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நீளமாக இருந்தது. பின் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. உயரத்திலிருந்து, ஏந்திய கையில் விழுந்து, பாதி மண்ணில் சிந்தும் சத்தம். கூடவே மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம்.

அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் கெடா சிலுப்பியது. தலையிலிருந்து வால் வரை, மாலை அறுந்து விழும்படி ஓர் உதறு உதறியது. யாரும் கத்தவில்லை. பெட்டிக்குள் நாங்கள் ஏற்கெனவே கத்தி முடித்துவிட்டோம்.

என் மகளின் கட்டைவிரல் விரிந்துவிட்டது. அவள் இமையைக் கொட்டி என்னைப் பார்த்தாள். "அப்பா, அது உன் குரலு" என்றாள்.

பெரியப்பா, "உத்தரவு குடுத்தாச்சு, ஆவட்டும்" என்று அவசரமாகச் சொன்னார். வெட்டினார்கள். நான் போனை அணைத்தேன். அன்றைக்குச் சோறும் கறியும் போட்டார்கள். நான் சாப்பிடாமலே எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "அதான் சிலுப்பிருச்சே, டாக்டரு சொன்னபடி மாத்திரைய நிறுத்தலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு என் முடிவு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். சாமி எதற்கு உத்தரவு கொடுத்தது என்று எனக்கே விளங்கவில்லை.

திங்கட்கிழமை கேண்டீனில் மேடமே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "பாப்பா வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? கெடா சிலுப்புச்சா?"

"சிலுப்புச்சுங்க."

"மேளம் யாரு?"

ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னேன். பதிவின் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. டம்ளரை மேசையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்பா இத்தன நாள் சொல்லாத ஒன்ன, இப்ப வேலைய வுட்டப்பறந்தான் சொன்னாருங்க. கெடா தானா சிலுப்பாதாம். தண்ணி காதுக்குள்ள எறங்கற வரைக்கும் காத்திருந்து, மெல்லிசுக் குச்சியில மேளத்து ஓரத்துல ஒரு அடி வுடுவாராம். அது ஊசி மாதிரி காதுல போவுமாம். காதுல தண்ணி இருக்கற ஆடு அத தாங்காதாம், சிலுப்பிருமாம். தாத்தா சொல்லிக் குடுத்தது. ஸ்பீக்கர்ல அந்த அடி எடுபடாதேன்னாரு. அதான் கேட்டேன்."

எங்கள் வீட்டுக் கல்யாணங்கள், கிணறுகள், நிலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. அத்தனைக்கும் உத்தரவு கொடுத்தது எல்லைக்கு வெளியே நின்ற ஒரு கை.

"ஒரே ஒரு வருசம் அந்த அடிய அடிக்காம வுட்டுட்டாராம்" என்றார் அவர். "உங்களுக்கு ஞாபகம் இருக்குதோ என்னவோ. எங்க வூடு இருக்கறது அந்த மேட்டுலதானுங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. அந்தக் கை அங்கே இல்லாதபோது, இந்தக் கெடாவைச் சிலுப்ப வைத்தது எது?

அவர் எழுந்திருக்கப் போனவர் நின்றார். "அன்னிக்கு மதியம் அப்பா டி.வி. பாத்துட்டு இருந்தாருங்க. திடீர்னு எந்திரிச்சு வந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு. என்னப்பான்னா, நாக்கு ஒட்டிக்கிச்சுங்கறாரு. வெயிலுதான், வேற என்ன." பிறகு, "அந்த ரெக்கார்டிங்க எனக்கு அனுப்புங்கண்ணா. அவரு அடிச்சது எங்ககிட்ட ஒன்னுகூட இல்ல. நாங்க யாரும் அங்க வந்ததே இல்லீங்களே" என்றார்.

அனுப்புகிறேன் என்றேன். லாக்கர் அறையில் நின்று பதிவைத் திறந்தேன். மேளம் முடியும் இடத்தில் விரலை வைத்து, மீதியை வெட்டினேன். நான்கு நிமிடம் மிஞ்சியது. அதை அனுப்பினேன். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அனுப்பியதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

மூன்று நாள் மகளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் சும்மாதான் இருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டால் டம்ளரை என் கையிலிருந்து வாங்காமல், உள்ளே போய் அவளே மொண்டு குடித்தாள். எதேச்சையாக இருக்கலாம்.

வியாழக்கிழமை மேடம் மறுபடி என் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சந்தோசப்பட்டாரு. ஆனா முடிஞ்சதும், இதுக்கப்பறம் இருக்குமே, அதக் காணமேன்னாரு. மேளம் அடிச்சு முடிச்சுட்டு நான் தண்ணி கேட்டேனே, அது இல்லையான்னு கேக்கறாரு." அவர் என்னை நேராகப் பார்த்தார். "போன் உங்க பையில இருந்துச்சாம். வெளிச்சம் சட்டைக்குள்ள தெரிஞ்சுதாம். அது ஓடிக்கிட்டு இருக்குதுன்னு அவருக்கு அப்பவே தெரியுமாம். அதான் கேக்கறாரு. இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே தண்ணீர் டம்ளர் இருந்தது. "இருக்குதுங்க" என்றேன். பன்னிரண்டு நிமிடத்தையும் அங்கேயே, அவர் எதிரிலேயே அனுப்பினேன்.

அவர் இயர்போனை மாட்டிக்கொண்டார். முதலிலிருந்து கேட்டார், எதையும் தள்ளி ஓட்டவில்லை. சுற்றிலும் தட்டுகளும் பேச்சுமாக இருந்தது. மின்விசிறி இருந்தும் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவருடைய விரல் மேசையில் மேளத்துக்குத் தாளம் போட்டது. பிறகு நின்றது. இப்போது நாங்கள் கத்துகிறோம் என்று நினைத்தேன். இப்போது வெட்டு. இப்போது நான் நடக்கிறேன். அவர் தலையை மெல்லச் சாய்த்தார். அவருடைய அப்பா தண்ணீர் கேட்கிறார்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கெடாவை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தார்.

அந்த வெக்கையில், பிடரியில் யாரோ சில்லென்று ஊற்றியதுபோல், என் உடம்பு தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை சிலுப்பியது.